எந்த லினக்ஸை மூடுவது?

மேசைக்கணினியில் லினக்ஸ் ஏன் ஜெயிக்கவில்லை என்று கேளுங்கள். கணினி தெரிந்தவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: வகைகள் அதிகமாகிவிட்டன. டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே, மஞ்சாரோ, அப்புறம் அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சில நூறு வழங்கல்கள் (டிஸ்ட்ரோக்கள்). எல்லோரும் கூடி ஒன்றை மட்டும் செய்திருந்தால் விண்டோஸை எப்போதோ ஓரங்கட்டியிருக்கலாமாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளை என்ன செய்வது என்ற பேச்சு சூடு பிடித்திருக்கிறது. கூடவே இந்தப் புலம்பலும் வருகிறது. இது தவறான வாதம் என்பது என் கட்சி. நடைமுறைக்கு வந்தால் கெடுதலான வாதமும்கூட.

எதிர்த்தரப்பை மட்டம்தட்டிவிட்டு மறுப்பதில் பயனில்லை. அவர்கள் சொல்வது மூன்று. ஒன்று, புதிதாக வருபவர் எதை நிறுவுவது என்று தெரியாமல் மிரண்டு வாசலிலேயே திரும்பிவிடுகிறார். இரண்டு, உழைப்பு சிதறுகிறது; ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். மூன்று, மென்பொருள் எழுதுபவருக்குத் தலைவலி. மூன்றாவதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த டெபியன் மாநாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸே நொந்துகொண்டார். ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்காக அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற செயலியை விண்டோஸுக்கும் மேக்குக்கும் தயாரித்துக் கொடுத்துவிட முடிகிறது, லினக்ஸுக்கு மட்டும் ஒவ்வொரு வழங்கலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்றார். லினக்ஸின் கருநிரலை எழுதியவரே சொன்ன குறை அது. இந்த மூன்றிலிருந்தும் அவர்கள் எடுக்கும் முடிவு: எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். குறைகளில் உண்மை இருக்கிறது. முடிவில் இல்லை.

1. ஒன்றாக்கிப் பார்த்தாயிற்று என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 2002 மே மாதம் கால்டெரா, கனெக்டிவா, சூசே, டர்போலினக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து யுனைட்டெட்லினக்ஸ் என்ற பொது அடித்தளத்தை அறிவித்தன. நவம்பரில் முதல் பதிப்பும் வந்தது. இதற்கிடையில் கால்டெரா தன் பெயரை எஸ்சிஓ என்று மாற்றிக்கொண்டது. 2003 மார்ச்சில் ஐபிஎம் மீது லினக்ஸ் தொடர்பாகவே வழக்குப் போட்டது. கூட்டாளியே லினக்ஸுக்கு எதிராக நீதிமன்றம் ஏறினால் கூட்டணி என்னாகும்? கலைந்தது. அந்த நாளில் எல்லோரும் அந்த ஒற்றை லினக்ஸுக்குள் அடங்கியிருந்தால் அந்த வழக்கோடு சேர்ந்து மொத்தமும் முடங்கியிருக்கும். வெளியே டெபியனும் ரெட்ஹாட்டும் ஸ்லாக்வேரும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் கூட்டணி உடைந்ததைப் பெரும்பாலான பயனர்கள் உணரவே இல்லை.

2. கடையில் தோற்றதைக் கிளைகளின் தலையில் கட்டுகிறார்கள். மக்கள் இயங்குதளத்தை வாங்குவதில்லை, கணினியைத்தான் வாங்குகிறார்கள். அதில் எது ஏற்றப்பட்டு வருகிறதோ அதுவே அவர்களுக்கு இயங்குதளம். தன் இயங்குதளம் ஏற்றப்படாத கணினிக்கும் கணக்குப் போட்டு உரிமத்தொகை வாங்கும் ஒப்பந்தங்களைக் கணினித் தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் செய்திருந்தது. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு 1994இல் அதை நிறுத்த வைத்தது. சந்தை அதற்குள் கைமாறிவிட்டது. அப்போது உபுண்டு பிறக்கவே இல்லை, அதற்கு இன்னும் பத்து வருஷம் இருந்தது. டெபியனுக்கு ஒரு வயது.

இதைவிடத் தெளிவான சோதனை 2007இல் நடந்தது. ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி மடிக்கணினியைக் கொண்டுவந்தது. உள்ளே சாண்ட்ராஸ் என்ற லினக்ஸ், அது மட்டும். வாங்கியவருக்குத் தேர்வுக் குழப்பம் துளியும் கிடையாது. விற்பனையும் சக்கைப்போடு போட்டது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? 2008 ஜூனோடு விற்பனையை முடிப்பதாக இருந்த எக்ஸ்பியை, இந்த வகைக் குட்டிக் கணினிகளுக்கு மட்டும் 2010 வரை நீட்டித்துக் கொடுத்தது. சீக்கிரமே அந்தக் கணினிகள் எக்ஸ்பியோடு வரத் தொடங்கின. சாண்ட்ராஸ் சுமாரான லினக்ஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றை லினக்ஸ் இருந்தால் ஜெயித்திருப்போம் என்பவர்கள், அந்த ஒற்றை லினக்ஸ் கடைக்கு வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

நம்மூருக்கு வாருங்கள். தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பையனுக்கு முன்னால் இருந்த லினக்ஸ் ஒன்றே ஒன்று. பத்து டிஸ்ட்ரோவைக் காட்டி யாரும் அவனைக் குழப்பவில்லை. ஆனாலும் பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் விரல் அங்கேதான் போகும், ஏனென்றால் நண்பனுக்கும் பிரவுசிங் சென்டர்காரருக்கும் தெரிந்தது அதுதான். பக்கத்து மாநிலமான கேரளம் வேறு வழியில் போனது. பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தைக் கட்டற்ற மென்பொருள் மேல் வைத்தது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, எஸ்எஸ்எல்சி செய்முறைத் தேர்வு எல்லாமே அதன் மேல். அதற்கென உபுண்டுவை எடுத்துத் தனக்கேற்ப மாற்றி ஒரு வழங்கலை மாநில அரசின் கைட் நிறுவனம் உருவாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அதாவது, உலகில் இன்னுமொரு டிஸ்ட்ரோவைச் சேர்த்ததன் மூலம் ஜெயித்தார்கள். வகைகள் அதிகம் என்பவர்கள் பட்டியலிலிருந்து முதலில் நீக்கச் சொல்வது இந்த மாதிரி ஒன்றைத்தானே?

கடையில் ஜெயித்த லினக்ஸ்களையும் பாருங்கள். குரோம்புக்கின் இயங்குதளம் ஜென்டூ என்ற வழங்கலிலிருந்து வளர்ந்தது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் கேம் கருவிக்குள் இருப்பது ஆர்ச். வால்வ் நிறுவனம் முதலில் டெபியனை வைத்து முயன்றுவிட்டு, அடிக்கடி புதுப்பித்துக்கொள்ள வசதி என்று ஆர்ச்சுக்கு மாறியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? சில நூறு வகைகள் இருப்பது அவர்களை எந்த வகையிலும் தொந்தரவு செய்யவில்லை.

3. உழைப்பு சிதறுகிறது என்பவர்கள் எங்கே உழைப்பு நடக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு வழங்கலில் நீங்கள் காணும் பெரும்பகுதி அந்த வழங்கல்காரர்கள் எழுதியது இல்லை. கருநிரல் ஒன்றுதான். கிராஃபிக்ஸுக்கு மெசா ஒன்றுதான். குநோம், கேடிஈ முகப்புகள், லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ் எல்லாம் ஓரிடத்தில் எழுதப்பட்டு எல்லா வழங்கல்களுக்கும் போகின்றன. குநோமின் ஒரு பட்டியலைத் தன்னார்வலர் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தால் அது உபுண்டுவுக்கு ஒரு முறை, ஃபெடோராவுக்கு ஒரு முறை, டெபியனுக்கு ஒரு முறை என்று மூன்று தடவை செய்ய வேண்டியதில்லை. குநோமில் ஒரு தடவை சேர்ந்தால் மூன்றிலும் தமிழ் வரும். வழங்கல்காரர்கள் செய்வது தேர்ந்தெடுப்பது, சோதிப்பது, பொதியாகக் கட்டுவது, பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவது. அதில் இரட்டை வேலை உண்டு. அந்த இரட்டை வேலையை நிறுத்தினால் மிச்சமாகும் ஆட்கள் கருநிரல் எழுதப் போய்விடுவார்கள் என்பது என்ன கணக்கு? தன்னார்வலர் சம்பளத்துக்கு இருக்கும் ஆள் இல்லை, அடுத்த பிரிவுக்கு மாற்றல் உத்தரவு போட. ஆர்ச்சில் ஆசையாக வேலை செய்பவரை டெபியனுக்கு அனுப்பினால், அவர் வீட்டுக்குப் போவார்.

கிளை பிரிந்ததால் விளைந்த நன்மைகளை இந்தக் கணக்கில் யாரும் வரவு வைப்பதில்லை. 1998இல் கேடிஈ பயன்படுத்திய கியூட்டி நூலகத்தின் உரிமம் கட்டற்றதாக இல்லை என்று ரெட்ஹாட் கேடிஈயைச் சேர்க்க மறுத்தது. காயெல் துவால் என்ற பிரெஞ்சு இளைஞர் ரெட்ஹாட்டை எடுத்து அதில் கேடிஈயைப் போட்டு மாண்ட்ரேக் என்று வெளியிட்டார். புதியவர்களுக்கு எளிதான லினக்ஸ் என்று பெயர் வாங்கியது. அடுத்த சில வருஷங்களில் கிளவுஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் டெபியனிலிருந்து நாப்பிக்ஸைச் செய்தார். குறுந்தகட்டைப் போட்டால் நிறுவாமலே முழுக் கணினியும் ஓடும். இன்று பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்ப்பது எல்லா லினக்ஸுக்கும் சாதாரண விஷயம். இதைப் பரவலாக்கியவருக்கு ஒரு தலைமை அலுவலகம் முதலில் அனுமதி தந்திருக்க வேண்டும் என்றால் எத்தனை கூட்டம் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சுவர்ப்படத்தை மட்டும் மாற்றிப் புதுப் பெயர் சூட்டிக்கொண்ட வெற்று வழங்கல்கள் உண்டு. இருக்கட்டுமே. யாரும் மூடாமலே அவை மூடிக்கொள்கின்றன.

4. ஒரே லினக்ஸ் என்றால் ஒரே முதலாளி. இதுதான் என் மையமான மறுப்பு, மற்றதெல்லாம் இதற்குப் பக்கவாத்தியம். கட்டற்ற மென்பொருளின் உரிமத்தில் நகலெடுத்துப் பிரிந்து செல்லும் உரிமை இருக்கிறது. ஆனால் காகிதத்தில் இருக்கும் உரிமை போதாது. பிரிந்து போய் நிற்க ஓர் இடம் வேண்டும்.

2011 ஏப்ரலில் ஒரே மாதத்தில் இரண்டு இடிகள். குநோம் தன் மூன்றாம் பதிப்பில் பழைய முகப்பைத் தூக்கி எறிந்தது. உபுண்டு யூனிட்டி என்ற தன் சொந்த முகப்பைப் பயனர்கள் மேல் திணித்தது. பிடிக்காதவர்கள் என்ன செய்தார்கள்? பழைய குநோமை எடுத்து மாட்டே என்று சிலர் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு சினமன் என்ற முகப்பை எழுதியது. இன்றுவரை இரண்டும் உயிரோடு இருக்கின்றன. யூனிட்டியோ 2017இல் உபுண்டு நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த்தாலேயே கைவிடப்பட்டது. அந்த இரண்டு இடிகளுக்கு அடுத்த வருஷமே, 2012 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் மெனுவைத் தூக்கியது. பிடிக்காத கோடிக்கணக்கானவர்கள் என்ன செய்தார்கள்? பழைய விண்டோஸ் 7ஐப் பிடித்துத் தொங்கினார்கள், அல்லது 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வரும்வரை காத்திருந்தார்கள். ஒற்றைக் கடை என்றால் இதுதான் நிலைமை.

அதே 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10, சொந்தக் கணினியில் ஒரு கோப்பைத் தேடினாலும் தேடல் சொல்லை வெளியே அனுப்பி அமேசான் பொருள்களைக் காட்டியது. இன்னொன்றையும் கிட்டத்தில் பார்க்கலாம். 2020இன் உபுண்டு 20.04இல், குரோமியம் உலாவியை நிறுவ நீங்கள் வழக்கமான ஆப்ட் கட்டளையைக் கொடுக்கிறீர்கள். டெபியன் காலத்திலிருந்து அந்தக் கட்டளைக்கு ஒரே பொருள்தான்: களஞ்சியத்திலிருந்து பொதியை எடுத்து நிறுவு. ஆனால் இங்கே வந்த பொதிக்குள் உலாவி இல்லை. அது உங்களிடம் கேட்காமல் ஸ்னாப் என்ற வேறொரு முறையைக் கூப்பிட்டு அங்கிருந்து உலாவியை இறக்கியது. ஸ்னாப் கடையின் சர்வர் உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கிறது. மின்ட் குழு இதைப் பகிரங்கமாகக் கண்டித்து, மின்ட் 20இல் அந்த வழியை அடைத்து வெளியிட்டது. வேண்டுமென்றால் பயனரே திறந்துகொள்ளலாம். இத்தனைக்கும் மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. உபுண்டுவே ஒருநாள் இல்லாமல் போனாலும் தாங்க வேண்டும் என்று நேரடியாக டெபியன் மேல் கட்டிய இன்னொரு பதிப்பையும் மின்ட் வைத்திருக்கிறது. இதை வீண் உழைப்பு என்பவர் காப்பீட்டுத் தொகையையும் வீண் செலவு என்பார்.

சர்வர் உலகிலிருந்து ஒரே ஒரு சான்று. ரெட்ஹாட்டின் கட்டணமில்லா மறுவடிவமான சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி நிறுவனங்கள் ஏற்றியிருந்தன. ரெட்ஹாட்டை 2019இல் ஐபிஎம் வாங்கி முடித்திருந்தது. 2020 டிசம்பரில், அடுத்த வருஷக் கடைசியோடு சரி என்று அறிவிப்பு வந்தது. 2021 ஜூன் முடிவதற்குள் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரண்டு மாற்றுகள் கைக்கு வந்துவிட்டன. பிரியும் பழக்கமே இல்லாத உலகில் அந்த நிறுவனங்கள் கேட்ட விலையைக் கொடுத்திருக்கும்.

5. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பதிப்பை ஓட்டுவது வசதி என்கிறீர்கள். 2024 மார்ச்சில் நடந்ததைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கும் நூலகம் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வருஷக்கணக்கில் நல்ல பிள்ளையாக வேலை செய்து, அதன் பராமரிப்புப் பொறுப்பைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்தார். தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியே கணினிக்குள் புகும் கதவு. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் பொறியாளர், வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடி! அதைத் துருவிக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்தது டெபியனின் வேகமான கிளையான சிட். புதிய நூலகம் அங்கே வந்திருந்தது. ஃபெடோராவின் சோதனைப் பதிப்பிலும் ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும் வந்திருந்தது. டெபியனின் நிலையான பதிப்பில் இல்லை, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் இல்லை, ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9இல் இல்லை. ஆர்ச்சில் அந்த நூலகம் இருந்தது. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை எஸ்எஸ்எச்சில் செய்திருந்த ஒரு கூடுதல் ஒட்டுவேலையை ஆர்ச் செய்யவில்லை. அதனால் அந்த வழியாகக் கதவு திறக்கவில்லை. வேகமான கிளை இருந்ததால் திருட்டு வெளிப்பட்டது, மெதுவான கிளை இருந்ததால் உலகம் தப்பியது. இரண்டில் எதை மூடுவீர்கள்? அதே வருஷம் ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரே காலையில் நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் நின்றன. எல்லோரும் ஒரே பதிப்பை ஓட்டும் வசதியின் இன்னொரு முகம் அது.

6. புதியவர் மிரள்வது உண்மை. மிரட்டுவது ஒப்பிடுபவர்கள். யூடியூபில் ‘டாப் 10 டிஸ்ட்ரோ’ வீடியோ ஒன்றைப் பாருங்கள்: ஐகான் அழகு, சுவர்ப்படம், விண்டோவை மூடும்போது நெளியும் அனிமேஷன். இவற்றில் எதுவுமே வழங்கலின் குணம் இல்லை. எல்லாவற்றையும் எந்த வழங்கலிலும் பத்து நிமிடத்தில் மாற்றலாம். கேட்க வேண்டியவை வேறு. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாறும்? டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆர்ச்சுக்குப் பதிப்பே கிடையாது, அது ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் யார்? டெபியனுக்குத் தன்னார்வலர் கூட்டமும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரும், உபுண்டுவுக்கு ஒரு தனியார் நிறுவனம், ஃபெடோராவுக்கு ரெட்ஹாட். என் கணினியைத் தாங்குமா? இந்த மூன்றாவது கேள்வியை எளிதாக நினைக்க வேண்டாம். 32 பிட் கணினிகளுக்கான மேசைப்பதிப்பு நிறுவல் தகடுகளை உபுண்டு 2017இல் நிறுத்தியது. டெபியன் 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பு வரை கொடுத்தது. 2025 ஆகஸ்டில் வந்த 13இல்தான் நிறுத்தியது. ஒரே லினக்ஸ் உபுண்டுவாக இருந்திருந்தால் அத்தனை பழைய கணினிகளும் சில வருஷம் முன்பே காயலான் கடைக்குப் போயிருக்கும்.

மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிப் பார்த்தால் நூற்றுக்கணக்கு மூன்று நான்காகச் சுருங்கிவிடும். முதல்முறை வருபவருக்கு மின்ட் என்று நான் சொல்வேன், விவாதத்துக்குத் தயார்.

டோர்வால்ட்ஸின் குறை மிச்சமிருக்கிறது. அது நியாயமான குறை, அதற்கு வந்த தீர்வையும் பார்க்க வேண்டும். அவருடைய சப்சர்ஃபேஸ் பின்னால் ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவில் வந்தது. எந்த வழங்கலிலும் ஓடும். ஃபிளாட்பேக்கும் அதே வேலையைச் செய்கிறது. அதாவது வழங்கல்களை ஒன்றாக்காமலே செயலி ஒன்றாயிற்று. பாதுகாப்புத் திருத்தம் பழையபடி ஓரிடத்திலிருந்து வராது, இடமும் அதிகம் பிடிக்கும் என்ற புதுக் குறைகள் அதில் உண்டு. ஆனால் கேட்ட நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. உறுப்பை வெட்டச் சொல்லி இன்னும் ஏன் வற்புறுத்துகிறீர்கள்?

வகைகள் அதிகம் என்று கோபப்படுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கோபத்தை உதவும் இடத்தில் காட்டுங்கள். அடுத்த மடிக்கணினி வாங்கும்போது, விண்டோஸ் இல்லாமல் தர முடியுமா, விலையில் எவ்வளவு குறையும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கு டெண்டர் விடும்போது இயங்குதளம் என்ற வரியில் என்ன எழுதுகிறார்கள் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேளுங்கள். டெபியன்காரர்களும் ஆர்ச்காரர்களும் தங்கள் வேலையைப் பார்க்கட்டும்.